சண்டை நாட்டில் நர்ஸ் வேலை: ஏஜென்சியா, எம்எஸ்எஃப்பா, செஞ்சிலுவையா, ஐநாவா?

குமரி-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு நர்ஸ் இருப்பாள், இல்லையென்றால் நர்சிங் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். வழக்கமாக இவர்கள் கேட்பது சவூதியா, குவைத்தா, ஜெர்மனியா என்றுதான். கொஞ்ச காலமாக அதோடு இன்னும் இரண்டு கேள்விகள் சேர்ந்து வருகின்றன. "அக்கா, லிபியாவுல ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்காங்களாம், போலாமா?" என்பது ஒன்று. எம்எஸ்எஃப் (எல்லைகளற்ற மருத்துவர்கள்), ரெட் கிராஸ் மாதிரி இடத்தில் சேர்ந்து காங்கோவுக்கோ தெற்கு சூடானுக்கோ போக வழியுண்டா என்பது மற்றது. முதல் கேள்வி பெரும்பாலும் படிப்புக் கடனிலிருந்து வருகிறது, இரண்டாவது வேறு எங்கிருந்தோ. ஆனால் இரண்டு பேரும் போய் இறங்கப்போவது ஏறக்குறைய ஒரே மாதிரி நாட்டில், அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம்.

நான் சவூதியில் பல வருஷம் ஐசியூவில் இருந்துவிட்டு வந்தவள். சண்டை நடக்கிற நாட்டில் வேலை பார்த்ததில்லை. போனவர்களோடு பழகியிருக்கிறேன், சிலருக்கு விண்ணப்பம் நிரப்ப உதவியிருக்கிறேன், சிலரைப் போகவேண்டாம் என்று சொல்லி அவர்கள் வீட்டில் கெட்ட பெயரும் வாங்கியிருக்கிறேன். என் கருத்து இதுதான்: சம்பளம் எவ்வளவு, குண்டு விழுமா என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நிலைமை கெட்டால் உங்களை வெளியே கொண்டுவருவது யாருடைய பொறுப்பு, அது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இந்த நான்கு வழிகளுக்கும் உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நிலைகுலைந்த நாடு என்றால் தினமும் குண்டு வெடிக்கிற நாடு என்று நினைத்துக்கொள்கிறோம். உலக வங்கி வருஷாவருஷம் வெளியிடுகிற பட்டியலில் சண்டையே இல்லாத நாடுகளும் உண்டு. நர்ஸ் கண்ணால் பார்த்தால் விஷயம் எளிது: அரசு ஊழியருக்குச் சம்பளம் வராது, மருந்துக் கிடங்குக்குச் சரக்கு வராது, எந்தச் சாலையை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 15 காலையில் ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் துணைப்படைக்கும் சண்டை வெடித்தபோது, அதற்கு முந்தின நாள்வரை கார்ட்டூமில் ஆஸ்பத்திரிகள் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில் டார்ஃபூரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்றே அதிகாரபூர்வமாக உறுதிசெய்துவிட்டார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடுவாசலை விட்டு ஓடிய நாடு அது. இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் ஆஸ்பத்திரி முதலாளியே முதல் காரில் ஏறிப் போய்விடுவார், அதில் தப்பும் இல்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

சரி, முதல் வழி: ஏஜென்சி மூலம் தனியார் ஆஸ்பத்திரி அல்லது அந்த நாட்டு அரசு ஆஸ்பத்திரி. நம்ம ஊரில் அதிகம் பேர் போவது இதில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கவர்ச்சி என்ன? சான்றிதழ் சரிபார்க்கிற டேட்டாஃப்ளோ, தேர்வு எழுதுகிற ப்ரோமெட்ரிக் தொல்லையெல்லாம் பல நேரம் இருக்காது, அனுபவம் குறைவாக இருந்தாலும் எடுப்பார்கள், விசா சீக்கிரம் வரும், கையில் நிற்கிற தொகை வளைகுடாவைவிடக் கூட என்பார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள்.

2014 ஜூனில் ஈராக்கின் திக்ரித்தில் நடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. ஐஎஸ் அமைப்பு ஊரைப் பிடித்தபோது அரசு ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்ஸ்கள் மாட்டிக்கொண்டார்கள், ஏறக்குறைய எல்லோரும் கேரளத்துப் பிள்ளைகள், ஒருவர் தூத்துக்குடி. பல மாதச் சம்பளம் பாக்கி என்பதும், கடன் அடைக்காமல் எப்படித் திரும்புவது என்று சிலர் தயங்கியதும் அப்போதே செய்தியாக வந்தன. ஜூலை 5 அன்று கொச்சியில் விமானம் இறங்கியபோது எல்லோரும் கைதட்டினோம். அதே ஜூனில் மொசூலில் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் திரும்பவில்லை. அவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று 2018 மார்ச்சில்தான் அரசு அறிவித்தது. நர்ஸ்கள் பிழைத்தது ஏதோ ஏற்பாட்டினால் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2016 மார்ச்சில் லிபியாவின் ஸாவியா நகரில் ஷெல் விழுந்து ஒரு மலையாளி நர்ஸும் அவளுடைய கைக்குழந்தையும் இறந்தார்கள். அவள் போர்முனையில் இல்லை, தங்கியிருந்த வீட்டில் இருந்தாள்.

"இந்திய அரசு கப்பல் அனுப்பும், விமானம் அனுப்பும்" என்று ஏஜென்ட் சொல்வான். அனுப்பியிருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. 2015இல் ஏமனிலிருந்து ஆபரேஷன் ராஹத் மூலம் 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கொண்டுவந்தார்கள், அதில் நர்ஸ்கள் நிறையப் பேர். 2023இல் சூடானிலிருந்து ஆபரேஷன் காவேரியில் 3,800க்கும் மேல். காவேரியில் வாடி சையித்னா என்ற இடத்தில் விளக்குகூட இல்லாத ஓடுதளத்தில் ராத்திரியில் விமானத்தை இறக்கி 121 பேரைத் தூக்கி வந்தார்கள் என்பது சாதாரண வேலை இல்லை. ஆனால் மற்ற பலரும் கார்ட்டூமிலிருந்து போர்ட் சூடான்வரை பாலைவனச் சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பஸ்ஸில் வந்த பிறகுதான் இந்தியக் கப்பலைப் பார்த்தார்கள். அதுவரைக்கும் உங்களுக்கு சோறு, தண்ணீர், வண்டி யார் தருவது? ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. வேலைக்குக் கிளம்புமுன் இந்திய அரசிடம் குடியேற்ற அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) வாங்கவேண்டிய 18 நாடுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சவூதி, குவைத் மாதிரி நாடுகளோடு ஈராக், லிபியா, ஏமன், சிரியா, சூடான், தெற்கு சூடான், ஆப்கானிஸ்தான், லெபனான் எல்லாம் அதில் உண்டு. பட்டதாரியின் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக இந்த அனுமதி வேண்டாம். ஆனால் நர்ஸ்களுக்கு மட்டும் 2015லிருந்து தனி விதி: இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாக வேண்டும், ஆள் எடுப்பது அரசு நிறுவனம் வழியாக நடக்க வேண்டும். கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக். தமிழ்நாட்டில் சென்னையில் இருக்கிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். குமரிக்காரர்களுக்கு சென்னை ஒரு ராத்திரி ரயில், திருவனந்தபுரம் ஒரு மணி நேர பஸ், அதனால் இயல்பாகவே நோர்க்கா அலுவலகம் இருக்கிற தைக்காட்டுப் பக்கம்தான் கால் போகும். யார் விண்ணப்பிக்கலாம் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். இந்த விதியைத் தாண்டத்தான் விசிட் விசாவில் துபாய்க்குக் கொண்டுபோய் அங்கிருந்து மூன்றாவது நாட்டுக்கு ஏற்றிவிடுகிற வித்தை. அப்படிப் போனால் நீங்கள் அங்கே இருப்பதே இந்தியத் தூதரகத்தின் கணக்கில் வராது. ஏமன் கதையே வேறு. 2017லிருந்து அங்கே பயணம் செய்யவே தடை, மீறினால் பாஸ்போர்ட் போகும்.

இரண்டாவது வழி எம்எஸ்எஃப், அதாவது எல்லைகளற்ற மருத்துவர்கள். 1971இல் பிரான்ஸில் தொடங்கியது. நைஜீரியாவின் பியாஃப்ரா போரில் செஞ்சிலுவைக்காக வேலை பார்த்த டாக்டர்கள் சிலர், பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு பிடிக்காமல் பத்திரிகைக்காரர்களோடு சேர்ந்து ஆரம்பித்தது. 1999இல் நோபல் அமைதிப் பரிசு. பணத்தில் பெரும்பகுதி தனிமனிதர்கள் தருகிற நன்கொடை, அமெரிக்க அரசுப் பணம் வாங்குவதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டை இழுத்து மூடியபோது உலகம் முழுக்க நிவாரண வேலைகள் ஆயிரக்கணக்கில் போனதில், எம்எஸ்எஃப்புக்கு அடி மற்றவர்கள் அளவுக்கு விழவில்லை. வேலை போனவர்களும் இப்போது அதே கதவைத்தான் தட்டுகிறார்கள் என்பதால் போட்டி கூடியிருக்கிறது, அதுவும் உண்மை.

தகுதி என்று பார்த்தால் படிப்பு முடித்துக் குறைந்தது இரண்டு வருஷ வேலை அனுபவம், நல்ல ஆங்கிலம், ஆறு மாதத்துக்கும் மேலாகக் குடும்பத்தை விட்டுப் போகத் தயார் என்ற நிலை. முதல் முறை போகும்போது கணவன், குழந்தையைக் கூட்டிப்போக முடியாது. பிரெஞ்சு தெரிந்தால் ஒரேயடியாக வாய்ப்பு கூடும், ஏனென்றால் காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, சாட், ஹைட்டி என்று வேலை நடக்கிற இடங்களில் பலவும் பிரெஞ்சு பேசுகிற நாடுகள்.

பலரும் ஏமாறுவது வேலையின் தன்மையில். நம்ம ஆள் போய் எல்லா நோயாளிக்கும் ஊசி போடப்போகிறோம், குழந்தைகளைத் தூக்கப்போகிறோம் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். எம்எஸ்எஃப் ஊழியர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அந்தந்த நாட்டு ஆட்கள். வெளியிலிருந்து போகிற நர்ஸின் வேலை அவர்களுக்கு டூட்டி லிஸ்ட் போடுவது, பயிற்சி கொடுப்பது, மருந்து ஆர்டர் கணக்கு, தொற்றுக் கட்டுப்பாடு, காலரா வந்தால் ஒரு வயலில் இரண்டு நாளில் வார்டு எழுப்புவது. நம்ம ஊர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரின் வேலை, கரண்ட் இல்லாமல். எனக்குத் தெரிந்த ஒருத்தி தெற்கு சூடானுக்குப் போய்விட்டு வந்து சொன்னது, கஷ்டமாக இருந்தது துப்பாக்கிச் சத்தம் இல்லையாம். சாயங்காலம் ஆனால் சுற்றுச்சுவருக்கு வெளியே கால்வைக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக முடியாது, அதே பத்து முகங்களைத்தான் மூன்று வேளையும் பார்க்க வேண்டும் என்பதுதானாம்.

பாதுகாப்பு? ஆயுதக் காவல் வைப்பதில்லை என்பது பொதுவான கொள்கை. ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று எல்லாத் தரப்புக்கும் சொல்லிவிட்டு வேலை பார்ப்பார்கள். அது எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸில், இடக்குறிப்பு கொடுத்திருந்த ஆஸ்பத்திரியையே அமெரிக்க விமானம் சுட்டதில் 42 பேர் இறந்தார்கள், 14 பேர் எம்எஸ்எஃப் ஊழியர்கள். இங்கே ஏஜென்சியோடு உள்ள வித்தியாசம் என்னவென்றால், விலகுவதற்கு ஒரு முடிவெடுக்கிற ஆள் இருக்கிறார், வண்டி இருக்கிறது, அதற்கான பணம் இருக்கிறது. 2013இல் சோமாலியாவை விட்டு 22 வருஷ வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள், நான்கு வருஷம் கழித்துத்தான் திரும்பினார்கள். 2025 பிப்ரவரியில் ஜம்ஜம் முகாமில் வேலையை நிறுத்தினார்கள். டிக்கெட், தங்குமிடம், இன்சூரன்ஸ், தடுப்பூசி, திரும்பி வந்தபின் மனநல ஆலோசனைவரை அவர்கள் பொறுப்பு. முதல் வருஷம் தருகிற தொகை மட்டும் வளைகுடாச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாக இருக்கும்.

நெருடலான ஒரு விஷயமும் இருக்கிறது. விலகும்போது வெளிநாட்டு ஆட்கள் விமானத்தில் ஏறுவார்கள், உள்ளூர் நர்ஸ்கள் அங்கேயே இருப்பார்கள். 2024இல் உலகம் முழுக்க 383 நிவாரண ஊழியர்கள் கொல்லப்பட்டதாக ஐநா கணக்கு, அதில் 181 பேர் காஸாவில், 60 பேர் சூடானில். பெரும்பாலானவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மருத்துவமனைகளைத் தாக்கக்கூடாது என்று 2016இல் பாதுகாப்பு கவுன்சில் 2286 என்ற தீர்மானம் போட்ட பிறகு வந்த கணக்கு இது. நீங்கள் பயிற்சி கொடுத்த பிள்ளையை விட்டுவிட்டு வண்டி ஏறுகிற நாள் வரலாம். அதைத் தாங்கமுடியாது என்று தோன்றினால் இந்த வழி உங்களுக்கு வேண்டாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, ஜெனிவாவில் இருக்கிற சர்வதேச செஞ்சிலுவைக் குழு. நம்ம ஊரில் ரத்ததான முகாம் நடத்துகிற ரெட் கிராஸ் சங்கம் வேறு, இது வேறு. 1863இல் தொடங்கியது, 1949 ஜெனிவா ஒப்பந்தங்கள் இதற்குச் சட்டரீதியாக ஒரு இடம் கொடுத்திருக்கின்றன. எம்எஸ்எஃப் பார்த்ததை வெளியே பேசும். இவர்கள் இரண்டு தரப்போடும் மூடிய அறைக்குள் பேசுவார்கள், அதனால்தான் சிறைக்குள் கைதிகளைப் பார்க்க விடுகிறார்கள். நர்ஸுக்கு இதனால் என்ன? பார்த்தது எதையும் பேசவோ எழுதவோ முடியாது, ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டால்கூடப் பிரச்சினை. அறுவை சிகிச்சை அனுபவம், ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர் அனுபவம் உள்ளவர்களுக்கு இங்கே மதிப்பு அதிகம், சம்பளமும் எம்எஸ்எஃப்பைவிட மேல். வேலை கிடைப்பது மட்டும் குதிரைக்கொம்பு. 2023லிருந்தே பணத் தட்டுப்பாட்டில் ஆட்களைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சின்னம் உடம்பில் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பவும் வேண்டாம்: நியூசிலாந்தைச் சேர்ந்த லூயிசா அகாவி என்ற அனுபவம் மிக்க நர்ஸ், செஞ்சிலுவைக் குழுவுக்காக 2013 அக்டோபரில் சிரியாவின் இத்லிபில் பயணம் செய்தபோது கடத்தப்பட்டார். அவர் பெயரையே 2019 வரை வெளியிடாமல் வைத்திருந்தார்கள்.

நான்காவது, ஐநா தன்னார்வலர். பெயரில்தான் தன்னார்வலர், மாதா மாதம் வாழ்க்கைச் செலவுக்கு நல்ல தொகையே தருகிறார்கள், இன்சூரன்ஸும் உண்டு. அனுபவசாலிகளுக்கான பிரிவுக்கு 27 வயது ஆகியிருக்க வேண்டும். நர்ஸ்களை அமைதிப்படைப் பணிகளின் கிளினிக்குகளில் போடுவார்கள், அங்கே நோயாளிகள் பெரும்பாலும் ஐநா ஊழியர்களே, பொதுமக்களைப் பார்க்கவேண்டும் என்று போகிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். இப்போது அந்தப் பணிகளே சுருங்கிக்கொண்டிருக்கின்றன. மாலி அரசு வெளியேறச் சொன்னதால் அங்கேயிருந்த பெரிய பணி 2023 டிசம்பரோடு முடிந்தது. ஐநா ஒருபோதும் விண்ணப்பக் கட்டணம் கேட்காது, "ஐநா வேலை, இரண்டு லட்சம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

ராணுவ நர்சிங் சேவை என்று இன்னொன்றையும் கேட்பார்கள். காங்கோவின் கோமாவில் ஐநா படைக்காக இந்திய ராணுவம் ஆஸ்பத்திரி நடத்தியிருக்கிறது, அங்கே போனவர்கள் உண்டு. ஆனால் எங்கே போவது என்பதை ராணுவம்தான் முடிவுசெய்யும், அதனால் இது இந்த ஒப்பீட்டில் சேராது.

அப்போ யாருக்கு எது? கடன் தலைக்கு மேல் இருந்தால் நான்கும் வேண்டாம் என்பேன், ஏஜென்சி வழி முதலில் வேண்டாம். கடன் இருக்கிறவருக்குத்தான் அது தேவைப்படுகிறது என்பது புரிகிறது, ஆனால் சம்பளம் நின்றாலும் கிளம்ப முடியாமல் கட்டிப்போடுவதும் அதே கடன்தான், திக்ரித்தில் பார்த்தோம். அரசு நிறுவனம் வழியாக சவூதிக்கோ குவைத்துக்கோ போய் ஐசியூவிலோ எமர்ஜென்சியிலோ கையைப் பழக்குங்கள், கடனை அடையுங்கள். அதன்பின் மனசு அந்தப் பக்கமே இழுத்தால் எம்எஸ்எஃப் என் முதல் தேர்வு. அறுவை சிகிச்சைப் பக்கம் பல வருஷம் இருந்தவர் என்றால் செஞ்சிலுவைக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். பொது சுகாதாரத்தில் முதுகலை வரை போனவருக்கு மட்டுமே ஐநா வழி பொருந்தும் என்பது என் அபிப்பிராயம், மாற்றுக்கருத்து இருக்கலாம். சின்னக் குழந்தை இருக்கிற தாய்மார்கள் கேட்டால் நான் நேராகவே இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த வேலையின் ருசி தெரியவேண்டும் என்றால் பெருமாள்புரத்திலும் பழவிளையிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன; போரிலிருந்து ஓடிவந்து தலைமுறை கடந்த குடும்பங்கள், நம்ம பஸ் போகிற தூரத்தில்.

முடிவு எடுத்தபின் செய்யவேண்டியது: நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாகாமல் வைத்திருங்கள், கர்நாடகத்திலோ ஆந்திராவிலோ படித்தவர்கள் பதிவு ஒழுங்காக இருக்கிறது என்று கவுன்சில் தருகிற குட் ஸ்டாண்டிங் சான்றிதழுக்கு அந்த மாநிலத்துக்கே அலைய வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே ஆரம்பியுங்கள். பிரெஞ்சுக்குத் திருவனந்தபுரத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போகுமுன்னே முதல் நிலையை முடித்துவிட்டால் அங்கே போய் ஆன்லைனில் தொடரலாம்.

இன்சூரன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசுத் திட்டமான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம், இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான், கட்டாயம் எடுங்கள். வேறு பாலிசி வைத்திருந்தால் போர், உள்நாட்டுக் கலவரம் விலக்கு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அந்த பாலிசியை நம்பி லிபியாவுக்குப் போக முடியாது.

இதையெல்லாம் மீறி லிபியா ஆஃபர் லெட்டர் ஏற்கெனவே கையில் வந்துவிட்டது, அப்பா அம்மாவும் சம்மதம் என்கிற பிள்ளைகள், ஏஜென்டிடம் இ-மைக்ரேட்டில் பதிவான ஒப்பந்தத்தின் பிரதியைக் கேளுங்கள், சம்பளத் தொகையும் ஆஸ்பத்திரி பெயரும் ஆஃபர் லெட்டரில் உள்ளதும் ஒன்றுதானா என்று வரிக்கு வரி பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் சட்டம் அனுமதிக்கிற உச்சவரம்பு, அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். "அதெல்லாம் அங்கே போய் மாத்திக்கலாம் சிஸ்டர்" என்று பதில் வந்தால் பாஸ்போர்ட்டை அவனிடம் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் அன்றைக்கே திரும்ப வாங்கிவிட்டு, சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள குடியேற்றப் பாதுகாவலர் (புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ்) அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.